மூலமும் சார்பும்: ‘சந்திரமுகி’ தழுவலின் வரவேற்பு வரலாறும் ஆவியின் மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படத்தின் கதை, 2005இல் ‘சந்திரமுகி’ என்னும் பெயரில் தமிழுக்கு வந்தது. தழுவலை விமர்சகர்கள் மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைகூறினர், பார்வையாளர்கள் பெருவெற்றியாக்கினர். இவ்விரு கருத்துகளும் எவ்வெவ் அளவுகோல்களால் உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இடையில் நின்ற கன்னடப் படத்தைக் கணக்கில் கொள்ளாமை, ஓட்ட நாட்களை மட்டும் மக்கள் கருத்தாகக் கொள்ளுதல், ஆவி பேசும் மொழி மாறியதன் பொருளைக் கவனியாமை ஆகிய மூன்றும் இவ்வரவேற்பு வரலாற்றில் உள்ள இடைவெளிகள் எனக் காட்டுகிறது. நாயக்கர் கால மதுரை, தஞ்சை ஆகியவற்றின் ஆடலரங்க வரலாற்றோடும் மதுரைவீரன் கதைமரபோடும் இணைத்து நோக்கும்போது, இத்தழுவல் எதைப் பெற்றது, எதை இழந்தது என்பது தெளிவாகிறது.

திறவுச் சொற்கள்: திகில் திரைப்படம், தழுவல், சார்புநூல், சந்திரமுகி, மணிச்சித்திரத்தாழ், ஆடல்மகள், மதுரைவீரன்

முன்னுரை

ஒரு படைப்பு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் செல்லும்போது, அதனை மூலத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது இயல்பு. ஆயினும், ‘மூலத்துக்கு உண்மையாக உள்ளதா’ என்னும் ஒரே வினாவால் தழுவலை அளக்க முற்படும்போது, தழுவல் தன் மண்ணில் புதிதாகச் செய்துகொண்டவை கண்ணுக்குப் புலப்படாமல் போகின்றன. அச்சச்சுவையை மையமாகக் கொண்ட படங்களில் இச்சிக்கல் கூடுதலாகும். நகைச்சுவை பெரும்பாலும் சூழலால் பிறப்பது. வீரம் செயலால் பிறப்பது. அச்சமோ, ஒரு சமூகம் எதனைத் தன்னுடையது அன்று எனக் கருதுகிறது என்பதைப் பொறுத்துப் பிறப்பது. ஆகவே அச்சத்தைத் தழுவுவோர் கதையை மட்டும் பெயர்த்தால் போதாது. அயன்மை எங்கே தொடங்குகிறது என்னும் எல்லையையும் பெயர்க்க வேண்டும்.

தமிழில் பேய்ப்படங்களுக்கும் மர்மப் படங்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மறுபிறவியைக் கருவாகக் கொண்ட ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), ‘வோ கௌன் தீ’ (1964) என்னும் இந்திப் படத்தின் தழுவலான ‘யார் நீ’ (1966), ‘அதே கண்கள்’ (1967) ஆகியன அவ்வரிசையில் முன்னிற்பவை. இவ்வரிசையில் ‘சந்திரமுகி’ பெற்ற வரவேற்பு தனித்து ஆராயத்தக்கது. ஒரே கதை ஐந்து மொழிப் பார்வையாளர்களை வெவ்வேறு வடிவில் சென்றடைந்தமையால், எந்தக் கூறு எங்கே மாறியது என்பதை வரிசைப்படுத்திக் காண முடிகிறது என்பதே இதற்குக் காரணம்.

மூலப்படமும் அதன் தமிழ்க்குரலும்

பாசில் இயக்கத்தில், மது முட்டம் எழுத்தில், 1993 டிசம்பரில் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’, மாடம்பள்ளி என்னும் பழைய மாளிகையில் நிகழ்கிறது. கணவன் நகுலனுடன் (சுரேஷ் கோபி) அங்கே குடியேறும் கங்கை (சோபனா), பூட்டிக் கிடந்த தெக்கினி அறையைத் திறக்கிறாள். அவ்வறைக்குரியவள் நாகவல்லி. தஞ்சாவூரிலிருந்து அழைத்து வரப்பட்ட ஆடல்மகளான அவள், இராமநாதன் என்னும் கலைஞன்மீது காதல் கொண்டமையால் சங்கரன் தம்பி என்னும் காரணவரால் துர்க்காஷ்டமி இரவில் கொல்லப்பட்டவள் என்பது கதைக்குள் உள்ள கதை. மாளிகையில் நிகழும் விபரீதங்களுக்குக் காரணம் ஆவி அன்று, நாகவல்லியாகத் தன்னைக் கற்பித்துக்கொண்ட கங்கையின் உளநோயே என்பதை மருத்துவர் சண்ணி (மோகன்லால்) கண்டறிகிறார். 41ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் நல்ல பொழுதுபோக்கு வழங்கிய சிறந்த வெகுசனப் படத்துக்குரிய விருதையும், சோபனா சிறந்த நடிகைக்குரிய விருதையும் பெற்றனர்.

தமிழ் ஆய்வாளர் இப்படத்தில் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்மலையாளப் படத்தில் இறந்தவளின் மொழி தமிழ். கங்கை கங்கையாக இருக்கும்வரை மலையாளம் பேசுகிறாள். நாகவல்லியாக மாறும் கணத்தில் தமிழ் பேசுகிறாள். உச்சக்காட்சிக்கு முந்தைய ஆடற்பாடல் தமிழும் மலையாளமும் விரவியது. அதன் தமிழ்ப் பகுதியை எழுதியவர் கவிஞர் வாலி. நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவரும் கங்கைக்குக் குரல் கொடுத்தவரும் ஒருவர் அல்லர். கங்கையின் குரல் பாக்கியலட்சுமியுடையது. நாகவல்லியின் தமிழ்க்குரல் துர்கா என்னும் பின்னணிக்குரல் கலைஞருடையது. இவ்வுண்மை படம் வெளிவந்து இருபதாண்டுகளுக்கு மேலான பின்னரே பாசிலின் கட்டுரை வாயிலாகப் பரவலாகத் தெரியவந்தது. மலையாளப் பார்வையாளரை அச்சுறுத்திய குரல் ஒரு தமிழ்க்குரல்; அதற்குரியவர் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை.

இடமும் இதற்கேற்பவே அமைந்தது. படத்தின் மாளிகைக் காட்சிகள் திருப்பூணித்துறை மலை மாளிகையிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டன. பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பது; அரண்மனையின் பராமரிப்போ கேரளத் தொல்லியல் துறையிடம் உள்ளது. இரு மொழிகளின் எல்லையில் நிற்கும் கட்டடம், இரு மொழிகளின் எல்லையில் பிறந்த அச்சத்துக்குக் களமானது.

முதல், வழி, சார்பு

‘சந்திரமுகி’யைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் அதனை ‘மணிச்சித்திரத்தாழின்’ நேர்த்தழுவலாகக் கொண்டே நடைபெற்றன. வரலாற்று வரிசை அவ்வாறன்று. பி. வாசு இக்கதையை முதலில் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்னும் பெயரில் இயக்கினார். விஷ்ணுவர்தன், சௌந்தர்யா, ரமேஷ் அரவிந்த் நடித்த அப்படம் 2004 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்கு நான்கு திங்கள் முன்பு, ஏப்ரல் 17 அன்று, சௌந்தர்யா விமான விபத்தில் மறைந்திருந்தார். மறைந்த நடிகை இறந்த ஆடல்மகளாகத் திரையில் தோன்றிய அனுபவம் கன்னடப் பார்வையாளரின் கருத்தில் கலந்திருந்தமையை அப்படத்தின் வரவேற்பை எழுதுவோர் மறக்கலாகாது. அதன் வெற்றிக்குப் பின், சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பில் இரசினிகாந்த், சோதிகா, பிரபு, நயன்தாரா, வடிவேலு நடிக்க, வித்யாசாகர் இசையில் ‘சந்திரமுகி’ உருவாகி 2005 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு நாளில் வெளிவந்தது.

நூல்களின் உறவைக் குறிக்கத் தமிழ் இலக்கணம் வகுத்த சொற்கள் இங்கே பயன்படுகின்றன. தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரித்தல், மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூல் என்னும் மூன்றாம் வகையைச் சேர்க்கிறது. முதலோடும் வழியோடும் ஒருசார் ஒத்து, ஒருசார் வேறுபடுவது சார்புநூல். இவ்வளவுகோலில் ‘மணிச்சித்திரத்தாழ்’ முதல், ‘ஆப்தமித்ரா’ வழி, ‘சந்திரமுகி’ சார்பு.

இப்பகுப்பு வெறும் பெயரீடு அன்று. தமிழ்ப்படத்தில் மருத்துவர் சரவணன், கங்கையின் சினத்தைத் தன்பால் திருப்ப, வேட்டையன் என்னும் கொடிய அரசனாகத் தானே வேடம் பூணுகிறார். மலையாள மூலத்தில் மருத்துவர் அவ்வாறு செய்வதில்லை. இம்மாற்றம் இரசினிகாந்துக்காகவே புகுத்தப்பட்டது என்பது பரவலான கருத்து. ஆனால் கன்னடப் படத்திலேயே விஷ்ணுவர்தன் மருத்துவராகவும் அரசனாகவும் தோன்றுகிறார். அவ்வரசனுக்கு ‘ஹௌலா ஹௌலா’ என்னும் முத்திரைச் சொல்லும் உண்டு. தமிழின் ‘லகலகலக’ அதன் வழித்தோன்றல். ஒரு பாடவேறுபாடு எந்தப் படியில் தோன்றியது என அறியாமல் அதற்குக் காரணம் கற்பிப்பது சுவடிப் பதிப்பில் எவ்வாறு பிழையோ, அவ்வாறே திரைத்தழுவல் ஆய்விலும் பிழை.

விமர்சகர் கருத்து

விமர்சகர்கள் எழுப்பிய குறைகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, மையம் இடம்பெயர்ந்தது என்பது. மலையாளப் படத்தில் மருத்துவர் சண்ணி நெடுநேரத்துக்குப் பின்னரே கதைக்குள் வருகிறார்; அதுவரை படம் கங்கையையும் மாளிகையையும் சுற்றியே நகர்கிறது. தமிழ்ப்படமோ சரவணனின் சண்டைக்காட்சியோடும் அறிமுகப் பாடலோடும் தொடங்குகிறது. இரண்டாவது, நோயின் வேர் மெலிந்தது என்பது. மூலத்தில் கங்கையின் தனிமை நிறைந்த இளமைப்பருவம், பழங்கதைகளில் அவளுக்கிருந்த ஈடுபாடு, கணவனின் பணிச்சுமை ஆகியன படிப்படியாக அடுக்கப்பட்டு நோயை நம்பத்தக்கதாக்குகின்றன. தமிழில் இவற்றின் இடம் சுருங்கிப் பாடலும் நகைச்சுவையும் விரிந்தன. மூன்றாவது, பகுத்தறிவு விளக்கம் தளர்ந்தது என்பது. ஆவி இல்லை, நோயே உள்ளது என்று கூறும் படத்தில் மாளிகையைச் சுற்றும் பெரும்பாம்புக்கு எந்த விளக்கமும் இல்லை. சோதிகாவின் நடிப்பைப் பாராட்டியோரும் சோபனாவோடு ஒப்பிட்டே பாராட்டினர்.

இக்குறைகள் பொய்யல்ல. முதலாவதும் இரண்டாவதும் திரைக்கதையின் அமைப்பை நோக்கின் மறுக்க இயலாதவை. ஆனால் இம்மூன்றுக்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு. மூலத்தில் இருந்து தமிழில் இல்லாதவற்றையே அவை எண்ணுகின்றன. மூலத்தில் இல்லாது தமிழில் புதிதாகப் பொருள்பெற்றவற்றை எண்ணுவதில்லை. தழுவலை இழப்பின் பட்டியலாகக் காணும் முறை இது.

பார்வையாளர் கருத்தும் ஓட்ட நாட்களும்

பார்வையாளர் கருத்துக்குச் சான்றாக எப்போதும் முன்வைக்கப்படுவது ஓட்ட நாட்கள். சென்னை அண்ணாசாலை சாந்தி திரையரங்கில் ‘சந்திரமுகி’ 890 நாட்கள் ஓடியது. 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட எம்.கே. தியாகராச பாகவதரின் ‘அரிதாசு’ படத்தின் சாதனையை அது கடந்ததாகக் கூறப்பட்டது. 2002இல் ‘பாபா’ எதிர்பார்த்த வெற்றியைப் பெறாத நிலையில் வந்த படம் என்பதும், கமல்காசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’, விசய்யின் ‘சச்சின்’ ஆகியவை அதே நாளில் வெளிவந்தன என்பதும் இவ்வெற்றிக்குக் கூடுதல் பொருள் தந்தன. 2005ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தமிழக அரசு விருதும் இரசினிகாந்துக்கு வழங்கப்பட்டது.

படம் பெருவெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 890 என்னும் எண்ணை நேரடியாக மக்கள் கருத்தின் அளவாகக் கொள்ள இயலாது. சாந்தி திரையரங்கு படத்தைத் தயாரித்த சிவாஜி கணேசன் குடும்பத்துக்கே உரியதாக இருந்தது. ஓர் அரங்கில் ஒரு படம் எத்தனை நாள் திரையிடப்பட்டது என்பது பார்த்தோரின் விருப்பத்தோடு அரங்கினரின் முடிவையும் சேர்த்துக் காட்டும் எண். 1944இன் ஓட்ட நாட்களையும் 2005இன் ஓட்ட நாட்களையும் ஒரே தட்டில் நிறுப்பதும் பொருந்தாது. குறைந்த அரங்குகளில், தொலைக்காட்சி இல்லாக் காலத்தில் ஓடிய படத்தின் நாட்களும், ஒரே நேரத்தில் பல ஊர்களில் திரையிடப்பட்டு, குறுவட்டுகளிலும் கிடைத்த காலத்துப் படத்தின் நாட்களும் ஒரே பொருளுடையன அல்ல.

ஓட்ட நாட்களைவிட உறுதியான சான்று, மக்கள் நாவில் எது நின்றது என்பதே. இரண்டு நின்றன. ஒன்று, வேட்டையனின் ‘லகலகலக’. மற்றொன்று, சந்திரமுகியின் ‘ரா ரா’ என்னும் பாடல். முன்னது பொருளற்ற ஒலி. பின்னது முழுவதும் தெலுங்கு. ஒரு தமிழ்ப்படத்திலிருந்து மக்கள் எடுத்துக்கொண்டவை இரண்டும் தமிழல்ல என்பதை விமர்சகர்களும் திரையரங்கக் கணக்குகளும் கவனிக்கவில்லை. இத்தழுவலின் வரலாற்றுப் பொருள் இங்கேதான் தொடங்குகிறது.

ஆவியின் மொழி

மலையாளப் படத்தில் ஆவியின் மொழி தமிழ். அக்கதை தமிழுக்கு வரும்போது ஆவி தமிழ் பேச இயலாது. பேசினால் அயன்மை அழிந்துவிடும். எனவே தமிழில் ஆடல்மகள் தெலுங்கு நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவளானாள். அவளுக்கான பாடலைப் புவனச்சந்திரா தெலுங்கில் எழுத, பின்னி கிருஷ்ணகுமாரும் திப்புவும் பாடினர். இதற்கு முன்பே கன்னட ‘ஆப்தமித்ரா’வில் நாகவல்லி தெலுங்கு பேசியிருந்தாள். 2007இல் பிரியதர்சன் இந்தியில் இயக்கிய ‘பூல் புலையா’வில் மஞ்சுளிகா வங்காளம் பேசுகிறாள். இவ்வரிசையில் மிகுந்த தெளிவு தருவது ‘சந்திரமுகி’யின் தெலுங்கு மொழிமாற்ற வடிவம். அங்கே பாத்திரங்கள் தெலுங்கு பேச, சந்திரமுகியின் ஆவி தமிழ் பேசுகிறது. தமிழில் ‘ரா ரா’ எனத் தொடங்கும் பாடல் தெலுங்கில் ‘வாராய்’ எனத் தமிழ்ச்சொல்லால் தொடங்குகிறது. ஒரே படம், ஒரே காட்சி, ஒரே நடிகை. தமிழர்க்குத் தெலுங்கால் எழுந்த அச்சம் தெலுங்கர்க்குத் தமிழால் எழுந்தது.

இவற்றைச் சேர்த்து நோக்கினால், இக்கதையின் தழுவல்கள் அனைத்தும் மாறாமல் காத்த ஒன்று உண்டு எனத் தெரிகிறது. கதாநாயகனின் இடம் மாறியது. நகைச்சுவையின் அளவு மாறியது. கொலைசெய்தவனின் பெயரும் தகுதியும் மாறின. இறந்தவள் அண்டை மொழியைப் பேசுகிறாள் என்பது மட்டும் மாறவில்லை. விமர்சகர்கள் இழந்துபோனதாகக் கருதிய மூலத்தின் உயிர், அவர்கள் தேடாத இடத்தில் காக்கப்பட்டிருந்தது.

அண்டை மொழி என்பது இங்கே முதன்மையான கூறு. முற்றிலும் அறியாத மொழி வெற்றொலியாகிவிடும். தாய்மொழியில் விலகல் இராது. பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இருக்கும் மொழியே, நன்கறிந்த பெண்ணொருத்தியின் வாயிலிருந்து வரும்போது கேட்போரை நிலைகுலையச் செய்கிறது. மலையாளிக்குத் தமிழ் அத்தகையது. கன்னடர்க்கும் தமிழர்க்கும் தெலுங்கு அத்தகையது. இம்மொழிகள் அயலார் மொழியாயினும் பகைவர் மொழி அல்ல. ‘மணிச்சித்திரத்தாழ்’ தமிழை அச்சத்தின் மொழியாக்கிய அதே வேளையில், பழந்தமிழ்ப் பாட்டைப் போற்றித் தொடங்கும் மலையாளப் பாடலொன்றை ஆகிரி இராகத்தில் யேசுதாசைப் பாடச்செய்தது. அஞ்சப்படும் மொழியே பாட்டுக்குரிய மொழியாகவும் மதிக்கப்படுகிறது. இவ்விரட்டை மனநிலைக்கு ஆடலரங்கின் வரலாறே காரணம்.

தஞ்சையும் மதுரையும்: ஒரே அரங்கின் இரு மொழிகள்

மலையாளத்தின் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. தமிழின் சந்திரமுகி தெலுங்குநாட்டுக்காரி. கதையில் இவர்கள் வெவ்வேறு ஊரினர்; கலைவரலாற்றில் ஒரே அரங்கினர். தஞ்சை நாயக்கர் அவையில், குறிப்பாக இரகுநாத நாயக்கர் (1600–1634), விசயராகவ நாயக்கர் (1634–1673) காலங்களில், ஆடலும் நாடகமும் பெரிதும் தெலுங்கிலேயே வளர்ந்தன. இராமபத்ராம்பா, இரங்காசம்மா போன்ற பெண்பாற்புலவர்கள் அங்கே விளங்கினர். மராத்தியர் ஆட்சியிலும் தெலுங்குப் பதங்களும் வர்ணங்களும் ஆடல்மகளிரின் கலைச்சொத்தாகத் தொடர்ந்தன. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் அவைக்குச் சென்றபோது, தஞ்சையின் ஆடற்கலையும் அவரோடு மேற்குக்கரைக்குச் சென்றது. தஞ்சையிலிருந்து கேரள மாளிகைக்கு அழைத்துவரப்பட்ட ஆடல்மகள் என்னும் கற்பனைக்குப் பின்னணியாக அமைவது இவ்வரலாறு.

இவ்வரலாறு மதுரைக்கும் பொதுவானது. திருமலை நாயக்கர் (1623–1659) தலைநகரைத் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு மாற்றி, 1636இல் எழுப்பிய மகாலில் சொர்க்கவிலாசத்தோடு நாடகசாலை என்னும் ஆடலரங்கமும் அமைந்தது. மதுரை நாயக்கர் ஆட்சியில் தெலுங்கு உரைநடை இலக்கியமும் வளர்ந்தது. அம்மன்னர் பெயரால் கல்லூரி அமைந்த பசுமலையிலும், மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், இல்லத்தில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இம்மண்ணில் தெலுங்கு தொலைநாட்டு மொழி அன்று. அரண்மனையின் மொழியாகவும் அரங்கின் மொழியாகவும் அண்டை வீட்டின் மொழியாகவும் இருந்துவந்த ஒன்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றக் காரணமான இயக்கம், கச்சேரி மேடையில் தமிழ்ப்பாடலுக்கு இடம் கேட்டபோது, அம்மேடையில் தெலுங்கு பெற்றிருந்த முதன்மையையே எதிர்கொண்டது. ஆகவே சலங்கை ஒலியோடு தெலுங்கு கேட்கும்போது, தமிழ்ப் பார்வையாளரின் காதில் விழுவது அயலாள் ஒருத்தியின் குரல் மட்டுமன்று. தமிழ்நாட்டு அரங்கின் பழைய குரலும் ஆகும். பூட்டிய அறைக்குள் இருந்து வெளிவருவது தமிழகத்துக்கு வெளியே இருந்து வந்த ஒன்றன்று. தமிழகத்துக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்ட ஒன்று.

மதுரைவீரனும் வேட்டையனும்

சந்திரமுகியின் முன்கதையை மூன்று பாத்திரங்களாகச் சுருக்கலாம்: அரசன், அவன் விரும்பிய ஆடல்மகள், அவள் விரும்பிய காதலன். அரசன் காதலனைக் கொல்கிறான், அவளையும் தீக்கிரையாக்குகிறான். மதுரைப் பார்வையாளர் இம்முக்கோணத்தை முதன்முதலாகத் திரையில் சந்திக்கவில்லை. மதுரைவீரன் கதைமரபில் வெள்ளையம்மாள் அரண்மனை ஆடல்மகள்; அவளைக் காதலித்த வீரன், திருமலை நாயக்கர் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு உயிர்நீக்கின்றனர். இக்கதையை 1956இல் எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி நடித்த ‘மதுரைவீரன்’ தமிழகமெங்கும் கொண்டுசென்றது.

இக்கதைமரபு கொல்லப்பட்டோரை என்ன செய்கிறது என்பதே ஒப்பீட்டில் முதன்மையானது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலில் வீரன் தெய்வமாக நிற்கிறான். ஊர்தோறும் இரு மனைவியரோடும் படையல் பெறுகிறான். அநியாயமாக இறந்தோரின் சினம் தணிய அவர்க்கு உரியதைத் தரவேண்டும் என்பது நாட்டார் சமயத்தின் அடிப்படை நெறி. ‘சந்திரமுகி’யின் உச்சக்காட்சியும் இந்நெறியையே பின்பற்றுகிறது. மருத்துவர் நோயாளிக்கு மருந்து தரவில்லை. மந்திரவாதியின் துணையோடு, அவள் கேட்ட பலியை ஒரு பொம்மையின் வடிவில் தருகிறார். அறிவியல் பெயரால் நிகழ்வது வடிவத்தில் ஒரு சடங்கு. மூலப்படத்திலும் இவ்வமைப்பு உண்டு. உளநோய் விளக்கத்தை முழுதும் ஏற்காத பார்வையாளரும் முடிவை மனநிறைவோடு ஏற்றமைக்கு இச்சடங்கு வடிவம் காரணம் எனலாம். விமர்சகர்கள் குறைகூறிய விளக்கத் தளர்ச்சி, பார்வையாளருக்குக் குறையாகத் தோன்றாமைக்கும் இதுவே காரணம். பின்னர் வந்த ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) போன்ற படங்கள் நோய் விளக்கத்தைக் கைவிட்டு, நீதி கேட்கும் ஆவி என்னும் நாட்டார் வடிவத்தை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டன.

ஆயினும் ஓரிடத்தில் தமிழ்த் தழுவல் இம்மரபிலிருந்து விலகுகிறது. மதுரைவீரன் கதையில் மக்கள் நினைவில் நின்றோர் கொல்லப்பட்டோர். ‘சந்திரமுகி’யில் கொன்றவனின் வேடத்தை ஏற்றவர் நாடறிந்த நட்சத்திரம். அதனால் கைத்தட்டல் வேட்டையனுக்குக் கிடைத்தது. ஓர் ஆடல்மகளை உயிரோடு எரித்தவனின் எக்களிப்புச் சிரிப்பு சிறுவரின் விளையாட்டுச் சொல்லாயிற்று. நட்சத்திரத்தின் முதன்மையைக் குறைகூறிய விமர்சகர்கள் அதனைத் திரைக்கதைச் சமநிலையின் சிக்கலாகவே கண்டனர். அது நினைவின் அறம் தொடர்பான சிக்கல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மையம் கங்கையிடமிருந்து சரவணனுக்கு மாறியது சிறிய இழப்பு. பரிவு சந்திரமுகியிடமிருந்து வேட்டையனுக்கு மாறியதே பெரிய இழப்பு.

இவ்விழப்பு முழுமையானதும் அன்று. ‘லகலகலக’ நின்ற அதே நாவில் ‘ரா ரா’வும் நின்றது. பொருள் முற்றும் விளங்காத தெலுங்குப் பாடலொன்றைத் தமிழ் மக்கள் மனப்பாடமாகப் பாடினர். தன் மொழியில் பேசியதாலேயே அச்சமூட்டிய ஆடல்மகள், அம்மொழியாலேயே நினைவில் தன் இடத்தையும் பெற்றாள்.

முடிவுரை

‘சந்திரமுகி’ பற்றிய விமர்சகர் கருத்தும் பார்வையாளர் கருத்தும் ஒன்றையொன்று மறுப்பனவாகவே இதுவரை எழுதப்பட்டு வந்தன. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளந்தன என்பதே உண்மை. விமர்சகர்கள் மூலத்தோடுள்ள நெருக்கத்தை அளந்தனர். அதில் கன்னட வழிப்படத்தைக் கணக்கில் கொள்ளாமையால், சில மாற்றங்களின் காரணத்தைத் தவறாகக் கணித்தனர். ஓட்ட நாட்களால் பேசியோர் வணிக வெற்றியை அளந்தனர்; அவ்வெண்ணில் அரங்க உரிமையும் காலமாற்றமும் கலந்திருப்பதைப் பிரித்துக்காணவில்லை. இவ்விரண்டு அளவைகளிலும் சிக்காதது ஆவியின் மொழி. அதுவே முதலிலும் வழியிலும் சார்பிலும் மாறாதிருந்த கூறு. அதுவே தமிழ்மண்ணின் ஆடலரங்க வரலாற்றோடு படத்தைப் பிணைத்த கூறு.

தழுவல்களின் வரவேற்பை எழுதுவோர், எது விடுபட்டது என்னும் வினாவோடு, எது இடம்பெயர்ந்து வேரூன்றியது என்னும் வினாவையும் கேட்க வேண்டியுள்ளது. யாருக்காக மக்கள் அஞ்சினர், யாருக்காகக் கைதட்டினர், யாருடைய சொல்லை வீட்டுக்கு எடுத்துச்சென்றனர் என்னும் மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ‘சந்திரமுகி’யில் அஞ்சியது ஆடல்மகளுக்கு, கைதட்டியது அரசனுக்கு, எடுத்துச்சென்றது இருவரின் சொல்லையும். கொல்லப்பட்டோரைத் தெய்வமாக்கி வழிபடும் மதுரையின் கண்கொண்டு நோக்கும்போது, இக்கைத்தட்டல் தமிழ்த் திரைப்படப் பார்வையில் நேர்ந்த ஒரு மாற்றத்தின் அடையாளமாகத் தெரிகிறது. அம்மாற்றத்தைப் பிற தழுவல்களிலும் தொடர்ந்து ஆராய்வது தமிழ்த் திரைவரலாற்று ஆய்வுக்குப் பயன்தரும்.